அயல்நாட்டுக் காசு சேர்ப்பும் தமிழக உரோம வணிக வரலாறும்

அயல்நாட்டுக் காசுகளைத் திரட்டிச் சேர்த்தல் ஓய்வுநேரப் பொழுதுபோக்காகவே பொதுவாகக் கருதப்படுகிறது. அஞ்சல்தலை சேர்ப்பதோடு அதனை ஒருங்குவைத்து எண்ணுவதே பெருவழக்கு. ஆயின், பண்டைத் தமிழகத்திற்கும் உரோமப் பேரரசிற்கும் இடையே நிலவிய வணிகத்தின் வரலாறு எழுதப்பட்ட முறையை நோக்கும்போது, இப்பொழுதுபோக்கிற்கு அவ்வளவு எளிய இடம் தர இயலவில்லை. அவ்வரலாற்றின் ஒரு பகுதி அரசு அருங்காட்சியகங்கள் வழியாகவும், மற்றொரு பகுதி தனியார் சிலரின் ஆர்வத்தின் வழியாகவும் கிடைத்ததாகும். இவ்விரு வழிகளும் வேறுவேறான காசுகளைக் கொண்டுவந்து சேர்த்தன என்பது நோக்கத்தக்கது.

அருங்காட்சியகங்களைச் சென்றடைந்தவை பெரும்பாலும் பொன்னும் வெள்ளியுமே. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842-இல் 522 வெள்ளிக் காசுகள் அடங்கிய புதையல் வெளிப்பட்டது. அவற்றுள் மிகப் பல அகஸ்டஸ், டைபீரியஸ் ஆகிய இரு பேரரசர்கள் வெளியிட்டவை. புதுக்கோட்டைப் பகுதியில் 1898-இல் கிடைத்த 501 பொற்காசுகளை இலண்டன் பிரித்தானிய அருங்காட்சியகம் பெற்றது. அப்பொற்காசுகளிற் பெரும்பாலானவற்றில் பேரரசரின் தலை உருவத்தின்மீது உளியால் வெட்டப்பட்டிருந்தது. இத்தகைய புதையல்கள் ஆவணங்களில் இடம்பெற அவற்றின் மதிப்பே காரணம். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டம், பத்து ரூபாய்க்கு மேற்பட்ட மதிப்புடைய புதையலைக் கண்டெடுத்தவர் மாவட்ட ஆட்சியருக்கு அறிவிக்க வேண்டும் என விதித்தது. ஆற்றுமணலில் ஒன்றும் இரண்டுமாக அகப்படும் தேய்ந்த செப்புக்காசு அவ்வெல்லையை எட்டுவதே இல்லை. அதனை எவரும் அறிவிக்க வேண்டியதில்லை. கன்னாரின் உலைக்களத்திற்கு அது போவதைத் தடுப்பாரும் இலர். இலக்கியச் சான்றும் ஈண்டு துணைபுரியவில்லை. யவனர் கலங்கள் பொன் கொணர்ந்து மிளகு ஏற்றிச் சென்றதை அகநானூற்றின் 149-ஆம் பாடல் கூறுகிறது. செப்புக்காசைப் பற்றி அஃது ஒன்றும் பேசவில்லை.

செப்புக்காசை உலையினின்றும் மீட்டவர்கள் சேர்ப்பாளர்களே. தென்னாட்டில் இம்முயற்சி காலின் மெக்கன்சி (இறப்பு 1821), சர் வால்டர் எலியட் ஆகியோர் காலத்திலேயே தொடங்கிவிட்டது. எனினும் அவர்கள் நாட்டம் உள்நாட்டு அரசமரபுகளின் காசுகள்மீதே மிகுதியும் சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மதுரை வட்டாரத்தில் சமயப்பணியாற்றிய அமெரிக்கரான டிரேசி பாதிரியார் பாண்டியர் காசுகளைத் தேடித் திரட்டினார். படைத்துறை அலுவலரான டஃப்னல் 1889-இல் சென்னையில் வெளியிட்ட சிறுநூல், தென்னிந்தியாவில் காசு சேர்ப்போர்க்குரிய குறிப்புகள் என்னும் பொருள்படத் தலைப்புப் பெற்றது. வரலாற்றுத் துறையினர்க்கென்றன்றிப் பொழுதுபோக்காளர்க்கென்றே எழுந்த நூல் அது. வைகைக் கரையில் கிடைத்த சிறிய உரோமச் செப்புக்காசுகள் அறிஞர் கவனத்திற்கு வந்தது இத்தகையோரின் தேட்டத்தாலேயாம்.

இராபர்ட் சீவெல் 1904-இல் வெளியிட்ட கட்டுரையே இந்தியாவில் கிடைத்த உரோமக் காசுகளைப் பற்றிய முதற் பெருந்தொகுப்பு எனலாம். அகஸ்டஸ் முதல் கி.பி. 68-இல் இறந்த நீரோ வரையிலான காலத்தில் வணிகம் உச்சம் பெற்றது, பின்னர்ப் படிப்படியாகக் குன்றியது, கி.பி. 217-இல் மறைந்த காரகல்லாவுக்குப் பிறகு ஏறத்தாழ நின்றே போயிற்று. பிற்காலப் பேரரசர்கள் காலத்தில் சிறிதளவு மீண்டும் தளிர்த்தது என அவர் காலப்பகுப்புச் செய்தார். இறுதியிற் கூறப்பட்ட அம்மீட்சிக்கு முதன்மைச் சான்றாக நின்றவை மதுரைச் செப்புக்காசுகளே. சில்லறைக் காசு புழங்கிய இடத்தில் உரோமர் குடியிருந்திருக்க வேண்டும் என்றும் அவர் கருதினார். இக்கருத்து முழுவதும் ஏற்கத்தக்கதன்று. அயலார் காசை உள்நாட்டு மக்களே சில்லறையாகக் கொண்டு வழங்கியிருத்தல் கூடும். ஆயினும் செப்புக்காசு பொன்னைப் போல உலோக மதிப்பிற்காக மட்டும் கடல்கடந்து வந்த பொருளன்று என்னும் அவரது அடிப்படை நோக்குப் புறக்கணிக்கத்தக்கதன்று.

இக்காசுகளைப் படித்தறிதல் எளிதன்று. கி.பி. நான்கு, ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சேர்ந்த அவை பெரும்பாலும் விரல் நகத்தின் அளவினவே. புழக்கத்தால் தேய்ந்தும் மணலால் அரிக்கப்பட்டும் பேரரசரின் பெயர் மறைந்திருக்கும். முகமும் தெளிவாகத் தோன்றாது. ஆயின் பின்புறத்து உருவத்தில் ஒரு சிறுபகுதி எஞ்சினும் போதும். வீழ்ந்த குதிரைவீரன் ஒருவனை மற்றொரு வீரன் ஈட்டியால் குத்தும் காட்சி கி.பி. 348-இல் புகுத்தப்பட்டு ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகளே வழங்கியது. பேரரசர் மூவர் அருகருகே நிற்கும் உருவம் கி.பி. 406-ஐ ஒட்டிய சில ஆண்டுகளுக்குரியது. இவ்வாறு எழுத்து இல்லாத நிலையிலும் காசு அடிக்கப்பட்ட காலம் புலனாகிறது. ஆயிரக்கணக்கில் எடுத்துப் பார்த்துப் பழகிய கண்ணுக்கே இவ்வேறுபாடு தென்படும். அருங்காட்சியகப் பட்டியலில் தெளிவற்றவை என ஒதுக்கப்படத்தக்க காசுகளை இரவும் பகலும் உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் வைத்துப் பார்க்கும் பொறுமை, ஊதியம் பெறும் அலுவலரைக் காட்டிலும் பொழுதுபோக்காளரிடமே மிகுதி என்பதில் வியப்பில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இப்பணியைப் பெரிதும் முன்னெடுத்தவர் தினமலர் ஆசிரியர் இரா. கிருஷ்ணமூர்த்தி (1933–2021) ஆவார். இதழியலே அவர்தம் தொழில். காசு ஆய்வு விருப்பத்தால் மேற்கொண்டது. சங்ககாலப் பாண்டியனின் பெருவழுதி என்னும் பெயர் பொறித்த காசினை அவர் கண்டறிந்து வெளியிட்டமை பலரும் அறிந்ததே. அயல்நாட்டுக் காசுகளைப் பொறுத்தவரை, கரூர், மதுரை, திருக்கோவலூர் ஆகிய மூன்றிடங்களின் பிற்கால உரோமச் செப்புக்காசுகளை ஆராய்ந்து 1994-இல் அவர் வெளியிட்ட நூல் குறிப்பிடத்தக்கது. சீவெல் மதுரை ஒன்றைக் கொண்டு கூறிய செய்தி, அமராவதி, தென்பெண்ணை ஆற்றங்கரைகளுக்கும் பொருந்துவதாயிற்று. மேலைக்கடல் வணிகம் முதல் நூற்றாண்டோடு ஏறத்தாழ முடிந்தது என எண்ணிவந்த எண்ணம் இதனால் தளர்ந்தது. பின்னர் 2000-இல், உரோமருடையன அல்லாத கிரேக்கநகர, பினீசிய, செலூக்கியக் காசுகள் கரூரில் கிடைத்தமை பற்றியும் அவர் தனிநூல் எழுதினார்.

இவ்விடத்தில் ஒரு வினா எழுவது இயல்பு. கரூர்க் காசுகள் அகழாய்வில் மண்ணடுக்கு குறிக்கப்பெற்று எடுக்கப்பட்டவை அல்ல. அமராவதி ஆற்று மணலை அரித்துப் பொன்துகள் தேடுவோர் கையில் அகப்பட்டு, வணிகர்க்கு விற்கப்பட்டு, அவர்கள் வழியே சேர்ப்பாளரை அடைந்தவை. ஒவ்வொரு கைமாற்றத்திலும் காசின் இடம் பற்றிய செய்தி சிறிது சிறிதாகத் தேய்கிறது. கரூர் என்னும் பெயருக்கே சந்தையில் மதிப்பு ஏறியபின், வேற்றிடத்துக் காசும் அப்பெயரால் விற்கப்பட இடமுண்டு. வாங்குவோர் உளர் என்பது தெரிந்ததும் ஆற்றுப்படுகை மேலும் கிளறப்படுகிறது. காசினை உலையினின்றும் காத்த அதே ஆர்வம், அது கிடந்த நிலையை அழிக்கவும் காரணமாயிற்று என்பதை மறைத்தல் நேர்மையாகாது. நூறாண்டு கடந்த பொருள்களைத் தொல்பொருளாகக் கொண்ட 1972-ஆம் ஆண்டுச் சட்டம், அவை நாட்டினின்றும் வெளியேறுவதைக் கட்டுப்படுத்திற்று. கிடைத்த இடம் பற்றிய செய்தி மறைந்துபோவதை அதனால் தடுக்க இயலவில்லை.

இருப்பினும் சேர்ப்பாளர் காசுகளைச் சான்றல்ல என முற்றும் தள்ளிவிடுவதும் பொருந்தாது. பிற்கால உரோமச் செப்புக்காசுகள் மேலைநாட்டுச் சந்தையிலும் விலை மலிந்தவை. அவற்றைப் பெருந்தொகையாகக் கொணர்ந்து கரூர் மணலிற் கிடைத்தவை எனக் கூறுவதால் வணிகர்க்கு ஊதியம் மிகுதியன்று. மேலும், இத்தகைய காசுகள் இலங்கையில் ஏராளமாகக் கிடைத்தமையையும், அவற்றைப் பின்பற்றி அங்கேயே அடிக்கப்பட்ட போலிகள் வழங்கியமையையும் காட்ரிங்டன் 1924-இலேயே பதிவு செய்துள்ளார். கடலுக்கு அப்பால் ஒரு கரையில் புழங்கிய காசு இக்கரையிலும் புழங்கியது என்பதில் முரண் இல்லை.

கிரேக்க, பினீசியக் காசுகளின் நிலை இதனின் வேறானது. அவை மேலைநாட்டுச் சேர்ப்பாளரால் விரும்பி வாங்கப்படுபவை, விலையும் உயர்ந்தவை. எனவே அவற்றை வைத்து முடிவு கூறுமிடத்துக் கூடுதலான எச்சரிக்கை வேண்டற்பாலது. உரோமச் செப்புக்காசுகளுக்கோ அகழாய்வுத் துணை வாய்த்துள்ளது. தமிழ்நாடு அரசு தொல்லியல் துறை 1980-களில் இராமநாதபுர மாவட்டத்து அழகன்குளத்தில் தொடங்கிய அகழாய்வில், கி.பி. நான்காம் நூற்றாண்டின் இறுதிக்குரிய உரோமச் செப்புக்காசுகள் வெளிப்பட்டன. வைகை கடலோடு கலக்குமிடத்தை ஒட்டியது அவ்வூர். நூறு ஆண்டுகளுக்கு முன் சேர்ப்பாளர் மதுரையில் திரட்டிய அதே வகைக் காசு, அதே ஆற்றின் முகத்துவாரத்தில் அகழ்வோர் கைக்குக் கிட்டியது.