நொய்யல் சாயக்கழிவு மாசு

தமிழ்நாட்டின் திருப்பூரில் பின்னலாடைத் தொழில் சார்ந்த சாய, சலவைப் பட்டறைகளின் கழிவுநீரால் நொய்யல் ஆறும் சுற்றுவட்டார நிலத்தடி நீரும் மாசடைந்த நிகழ்வு. வெள்ளியங்கிரி மலையில் தோன்றும் நொய்யல் காவிரியில் கலக்கிறது. பருத்தித் துணியில் சாயம் பிடிக்கப் பெருமளவு உப்பு சேர்க்கப்படுகிறது. கழிவுநீரின் நிறத்தை நீக்கினாலும் கரைந்த உப்பு நீரிலேயே தங்கிவிடும். பாசனத்துக்காக 1990களின் தொடக்கத்தில் கட்டப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயநீர்த் தேக்கமாயிற்று. கீழுள்ள வயல்களும் கிணறுகளும் உவரேறின. உழவர்கள் தொடுத்த வழக்கில், 2011 சனவரி 28 அன்று சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டது. கழிவுநீரை வெளிவிடாமல் சுத்திகரித்து மீளப் பயன்படுத்தும் பட்டறைகளே பின்னர் மீண்டும் இயங்க அனுமதிக்கப்பட்டன.