310 தோல்விக்குப் பிறகு ஒரு பாயிண்ட்

போன வாரம் ஜெயிச்சவங்க கதை பார்த்தோம். இந்த வாரம் தோத்தவங்க கதை. சும்மா தோத்தவங்க இல்லை, 26 வருஷம் தோத்தவங்க.

2011 பிப்ரவரி 22, கலிஃபோர்னியாவின் பாசடீனா நகரம். சீசனின் கடைசி மேட்ச். கால்டெக் அணியும் ஆக்ஸிடென்டல் காலேஜ் அணியும் பாஸ்கெட்பால் ஆடுகின்றன. ஸ்கோர் 45-45. பாக்கி இருப்பது 3.3 செகண்ட். ரயன் எல்ம்க்விஸ்ட் என்ற கடைசி வருட மாணவர் ஃப்ரீ த்ரோ லைனில் நிற்கிறார். பந்து உள்ளே போகிறது. 46-45.

இந்த ஒரு பாயிண்ட்டுக்கு முன்னால், தங்கள் லீக்கில் கால்டெக் தொடர்ந்து 310 மேட்ச் தோற்றிருந்தது. கடைசியாக ஜெயித்தது 1985 ஜனவரியில். அன்னைக்கு கோர்ட்டில் இருந்த பசங்க அப்போ பிறக்கவே இல்லை!

கால்டெக் யாருன்னு உங்களுக்குத் தெரியும். 'பிக் பேங் தியரி' ஷெல்டன் வேலை பார்க்கும் இடம். ஃபைன்மன் பாடம் எடுத்த இடம். நோபல் பரிசு வாங்கியவர்கள் பட்டியல் நீளமாகப் போகும். ஆனால் இளநிலை மாணவர்கள் மொத்தமே ஆயிரம் பேர்தான். நம்ம ஊரில் ஒரு நடுத்தர இன்ஜினியரிங் காலேஜில் ஒரு வருஷ பேட்ச்சே அவ்வளவு இருக்கும்.

இந்தச் சின்ன இடத்துக்கு விளையாட்டு வரலாறு ரொம்பப் பழசு. 1915-ல் தெற்கு கலிஃபோர்னியாவின் சில கல்லூரிகள் சேர்ந்து ஒரு லீக் ஆரம்பித்தபோது, அப்போது த்ரூப் என்ற பெயரில் இருந்த கால்டெக்கும் அதில் ஒன்று. பாஸ்கெட்பாலில் 1954-ல் சாம்பியன் கூட ஆனார்கள். ஃபுட்பால் அணியின் ஹோம் கிரவுண்ட் பல வருஷம் ரோஸ் பௌல். ஒரு லட்சம் பேர் உட்காரக்கூடிய ஸ்டேடியம், பார்க்க வந்தவர்கள் கையளவு. கடைசியில் 1993-ல் ஃபுட்பாலையே மூடிவிட்டார்கள்.

அதே ரோஸ் பௌலில் கால்டெக் 'ஆடாமலே' ஜெயித்த கதையும் உண்டு. 1961-ல் வாஷிங்டன், மின்னசோட்டா அணிகள் மோதிய பெரிய மேட்ச். இடைவேளையில் வாஷிங்டன் ரசிகர்கள் வண்ண அட்டைகளைத் தூக்கிக் காட்டினார்கள். டிவியில் தெரிந்த எழுத்து: கால்டெக். அவர்களுக்குக் கொடுத்த குறிப்புத் தாள்களை முன்னாடியே ரகசியமாக மாற்றி வைத்திருந்தார்கள் நம்ம பசங்க. 1984-ல் இன்னொரு பேட்ச் ஸ்கோர்போர்டையே ஹேக் செய்து, 'கால்டெக் 38, எம்ஐடி 9' என்று போட்டது. இந்த ரெண்டு மேட்ச்சிலும் கால்டெக் ஆடவே இல்லைங்க.

சரி, ஏன் இத்தனை தோல்வி? இவர்கள் ஆடுவது டிவிஷன் த்ரீ. அங்கே யாருக்கும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. அது எல்லா அணிக்கும் பொதுதான். ஆனால் கால்டெக்கில் அட்மிஷனுக்கும் சலுகை கிடையாது. ஆறரை அடி உயரம் இருந்தாலும் கணக்கும் இயற்பியலும் வரலைன்னா சீட் இல்லை. அதனால் ஸ்கூல் டீமில் ஒரு நாள்கூட ஆடாத பையன்கள் இங்கே ஜெர்சி போட்டார்கள். ராத்திரி ப்ராப்ளம் செட், சாயங்காலம் பிராக்டிஸ், வார இறுதியில் தோல்வி.

மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. கோச் ராய் டவ், அவருக்குப் பின் வந்த ஆலிவர் எஸ்லிங்கர் இருவரும், மார்க்கும் இருந்து ஆட்டமும் தெரிந்த பிள்ளைகளைத் தேடிப்பிடித்து அப்ளை செய்யச் சொன்னார்கள். 2007 ஜனவரியில் பார்ட் காலேஜை 81-52 என்று வென்றபோது, டிவிஷன் த்ரீ அணிகளிடம் தொடர்ந்து வாங்கிய 207 தோல்வி முடிவுக்கு வந்தது. லீக் வெற்றிக்கு இன்னும் நாலு வருஷம் காத்திருந்தார்கள்.

சினிமாவா இருந்தா இங்கேயே எண்ட் கார்டு போட்டிருப்பாங்க. எனக்குப் பிடிச்ச பகுதி இதுக்கு அப்புறம்தான்.

2012 ஜூலையில் அமெரிக்கக் கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏ, கால்டெக்குக்குத் தண்டனை கொடுத்தது. குற்றம் என்ன? கால்டெக்கில் டெர்ம் ஆரம்பித்த முதல் மூன்று வாரம், பதிவு செய்யாமலே வகுப்புகளில் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் பிறகு முடிவு செய்யலாம். ஆனால் பதிவு முடியும்வரை விதிப்படி அவர் முழுநேர மாணவர் இல்லை. அந்த வாரங்களில் ஆடினால் தகுதியற்றவர். அப்படி 12 விளையாட்டுகளில் 30 பேர் ஆடியிருந்தார்கள். மூன்று வருஷக் கண்காணிப்பு, 5,000 டாலர் அபராதம், அவர்கள் ஆடிப் பெற்ற வெற்றிகளும் ரத்து. ஜெயிச்சதே கொஞ்சம், அதிலேயும் கழிவு!

இந்தத் தப்பைக் கண்டுபிடித்து என்சிஏஏவிடம் போய்ச் சொன்னது யார்? கால்டெக்கேதான். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கடைசி இடத்தில் இருக்கும் அணியின் வருகைப் பதிவேட்டை யார் தோண்டப் போகிறார்கள்?

நான் படிக்கும்போது எங்க பி.டி. பீரியடை கணக்கு வாத்தியார் கடன் வாங்குவார், திருப்பித் தந்ததே இல்லை. படிப்பு முக்கியம்னா விளையாட்டை விடணும், விளையாட்டுன்னா ஜெயிக்கணும் என்றுதான் நமக்குப் பழக்கம். கால்டெக்கில் உலகத்திலேயே கடினமான படிப்பைப் படித்துக்கொண்டு, தோற்போம்னு தெரிஞ்சும் 26 வருஷம் ஒவ்வொரு சீசனும் அஞ்சு பேர் கோர்ட்டில் இறங்கினார்கள். அவங்கள்ல ஒரு பேட்ச் சலிச்சுப்போய், ஃபுட்பால் மாதிரி இதையும் மூடிடலாம்னு சொல்லியிருந்தா, 2011-ல் எல்ம்க்விஸ்ட் நிற்க ஒரு லைனே இருந்திருக்காது.

நீங்க நல்லா வராதுன்னு விட்ட விளையாட்டு எது? எழுதி அனுப்புங்க, அடுத்த எபிசோடில் படிக்கிறேன். வரட்டுமா!