நாய்ச்சட்டியும் பெயரில்லாச் சோறும்



மாட்டுக்கு வைப்பது தீனி. ஆட்டுக்குக் கட்டுவது குழை. யானைக்குக் கொடுப்பது கவளம். கோழிக்குத் தூவுவதும் தூண்டிலில் கோப்பதும் இரை. மனிதனோடு பழகிய உயிர்கள் உண்பவற்றுக்கெல்லாம் தமிழ் தனித்தனியே பெயர் வைத்திருக்கிறது. ஆனால் நம்மோடு மிக நெடுங்காலம் வாழ்ந்துவரும் நாய்க்குப் போடுவதற்கு என்ன பெயர்? சற்று யோசித்துப் பாருங்கள். சோறு என்பீர்கள், அது நமக்கும் பெயர். மிச்சம் என்பீர்கள், அது கணக்கில் வரும் சொல். எச்சில் என்பீர்கள், அது வசவு.

இந்தக் கேள்விக்கு விடை தேட நமது கரையோரம் ஏற்ற இடம். கல்முனையிலிருந்து நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று தெற்கே இறங்கிப் பொத்துவில், அறுகம்பே வரை செல்லும் வழியில், முஸ்லிம்கள் வாழும் ஊர்களுக்குள் நாய் வளர்க்கும் வீடுகளைக் காண்பது அரிது. ஊரைக் கடந்து வயல்வெளிக்குப் போனால் கதை வேறு. வேளாண்மை விளைந்து நிற்கும் காலத்தில் காட்டுப் பன்றியும் யானையும் வரும். வாடியில் இரவு விழித்திருக்கும் காவற்காரனுக்கு ஒரு நாயாவது துணைக்கு வேண்டும். மாட்டுப் பட்டி வைத்திருப்பவனுக்கும் அப்படியே. கடற்கரையில் கரைவலை இழுக்கும் இடத்திலும், மீன்வாடியைச் சுற்றியும், யாருடையவை என்று சொல்ல முடியாத நாய்கள் காத்துக் கிடக்கும். விலைபோகாத காரற் பொடி அவற்றின் பங்கு.

வாடி நாய்க்குக் கிடைப்பது காவற்காரன் உண்டதன் மீதி: பழஞ்சோறு, மீன் முள்ளு, சட்டி வழித்த ஆணம். இரண்டு மூன்று நாய் வைத்திருப்பவர்கள் குருணல் அரிசியோடு மீன் தலையையும் போட்டுத் தனியாக அவிப்பதுண்டு. அதற்கும் பெயர் கிடையாது. வாடியொன்றில் வயது முதிர்ந்த ஒருவரிடம், "இதற்கு என்ன பெயர் காக்கா?" என்று கேட்டேன். "பேரா? நாய்க்கு அவிக்கிறது தம்பி" என்றார். ஆனால் அதைக் கொட்டி வைக்கும் உடைந்த சட்டிக்குப் பெயர் உண்டு, அது நாய்ச்சட்டி. பாத்திரத்துக்குப் பெயர் வைத்த தமிழன் உணவுக்கு வைக்காமல் விட்டுவிட்டான்! சட்டியைத் தள்ளி வைக்கும்போது அவர் சொன்ன சொல்லைத்தான் நான் அந்த உணவின் பெயராகக் குறித்துக்கொண்டேன். "இந்தா" என்றார். நாயும் அந்தச் சொல்லுக்குத்தான் வந்தது.

சட்டி தனியாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் நாயின் வாய்நீர் பட்ட பாத்திரத்தை ஏழு தடவை, அதில் ஒரு தடவை மண் கலந்த நீரால், கழுவ வேண்டும். மாலிக்கி மத்ஹபினர் நாயைச் சுத்தமான பிராணியாகவே கொள்கின்றனர். அதனால் மொரோக்கோ நாட்டு இடையனுக்கும் நமது பட்டிக்காரனுக்கும் இவ்விடயத்தில் வேறுபாடு உண்டு. பிராணி வாய்வைத்து மீதம் விட்டதைக் குறிக்க அறபியில் ‘சுஃர்’ என்றொரு சொல் இருக்கிறது. எந்தப் பிராணியின் சுஃர் சுத்தம், எது அசுத்தம் என்று சட்ட நூல்கள் விரிவாகப் பேசுகின்றன. அங்கே நாய் மீதம் விட்டதற்குப் பெயர். இங்கே நாய்க்கு மீதம் விட்டதற்குப் பெயரில்லை.

நாயும் சமையலும் பிரியாதவை என்பதை மகாவம்சம் ஒரு கதையால் காட்டுகிறது. விஜயனும் தோழர்களும் இலங்கைக் கரையில் இறங்கியபோது ஓர் இயக்கி பெட்டை நாயின் உருவில் தோன்றுகிறாள். இளவரசன் தடுத்தும் கேளாமல் ஒருவன் அதன் பின்னே போகிறான். ஊர் இருக்கும் இடத்தில்தானே நாய் இருக்கும் என்பது அவன் நியாயம். அந்த நாய் குவேனியிடம்தான் அவனைக் கொண்டுபோய்ச் சேர்த்தது என்பதை நீங்கள் அறிவீர்கள். புராணக் கதைதான், ஆனாலும் அந்த மாலுமி நினைத்தது சரி. நாயைக் கண்டால் அருகே அடுப்பு உண்டு.

இன்றைய விஞ்ஞானமும் அதையேதான் சொல்கிறது. 2013ஆம் ஆண்டு ‘நேச்சர்’ சஞ்சிகையில் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் ஒரு செய்தியை வெளியிட்டனர். மாப்பொருளைச் சமிக்கச் செய்யும் நொதியத்துக்குரிய மரபணு ஓநாயிடம் இரண்டு பிரதிகளாகவே இருக்கிறது. நாயிடமோ நான்கு முதல் முப்பது பிரதிகள் வரை காணப்படுகின்றன. மனிதன் தானியம் விளைவிக்கத் தொடங்கியபின் அவன் வீட்டு வாசலில் கிடைத்ததை உண்டு உண்டே நாயின் குடல் மாறியிருக்கிறது. நம்முடைய மிச்சச் சோறு நாயின் உடம்பில் எழுதப்பட்டிருக்கிறது என்றால் மிகையில்லை.

அப்படியிருந்தும் அந்த மிச்சத்தின் மீது ஓர் இளக்காரம் படிந்தது எப்படி? நம் நாட்டுக் கல்வெட்டுகளிலேயே அதைக் காணலாம். அநுராதபுர இராச்சியத்தின் பிற்காலத்தைச் சேர்ந்த, 9ஆம், 10ஆம் நூற்றாண்டுத் தூண் கல்வெட்டுகள் பலவற்றில் காகத்தின் உருவமும் நாயின் உருவமும் செதுக்கப்பட்டுள்ளன. இந்தத் தானத்துக்குக் கேடு செய்பவன் காகமாகவும் நாயாகவும் பிறப்பான் என்பது அதன் பொருள். எழுத்தறியாதவனும் படத்தைப் பார்த்துப் பயந்துகொள்ளட்டும் என்று நினைத்தார்கள் போலும். பிறர் எறிவதை உண்டு வாழ்வதே பெரிய தண்டனை என்று அக்காலத்தவர் கருதியிருக்கிறார்கள்.

ஆனால் தமிழில் இதற்கு நேர்மாறான மரபொன்றும் உண்டு. வள்ளுவர் விருந்தோம்பல் அதிகாரத்தில் ‘மிச்சில்’ என்ற சொல்லைக் கையாள்கிறார். அது நாய்க்கு எறிந்ததைக் குறிக்கவில்லை. விருந்தினரை உண்ணச் செய்தபின் வீட்டுத் தலைவன் தான் உண்ணும் மீதியையே குறிக்கிறது. அந்தச் சொல்லின்படி பார்த்தால் நல்ல வீட்டுக்காரனும் அவன் வாசல் நாயும் உண்பது ஒன்றையேதான்! எச்சில் வேறு, மிச்சில் வேறு. ஒன்றில் வாய்பட்ட அருவருப்பு. மற்றதில் பகிர்ந்தபின் எஞ்சிய பங்கு. பிற்காலத்தில் நாம் மிச்சிலை மறந்து எச்சிலை மட்டும் வைத்துக்கொண்டோம்.

பங்கு என்றதும் வேட்டை நினைவுக்கு வருகிறது. கால்நடைக்கும் பயிருக்கும் காவலாகவும், வேட்டைக்காகவும் நாய் வைத்திருக்க நபி (ஸல்) அவர்கள் இடமளித்துள்ளார்கள். பயிற்றப்பட்ட வேட்டைப் பிராணிகள் பிடித்துக் கொடுப்பதை உண்ணலாம் என்று அல்-குர்ஆனில் அல்-மாயிதா அத்தியாயத்தின் 4ஆவது வசனம் அனுமதிக்கிறது. கொடைக்குப் பெயர்போன ஹாத்திம் தாயின் மகன் அதீ (ரழி) அவர்கள் நாய்களைக் கொண்டு வேட்டையாடுபவர். அவர் இதுபற்றி விளக்கம் கேட்டபோது கிடைத்த விடை நுட்பமானது. நாய் பிடித்ததில் அதுவே தின்றுவிட்டால் நீர் உண்ண வேண்டாம். அது தனக்காகவே பிடித்துக்கொண்டது என்பதாம். இறைச்சி ஒன்றுதான், நாயும் ஒன்றுதான். யாருக்காகப் பிடித்தது என்பதில்தான் உணவின் பெயரே மாறிவிடுகிறது.

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் எடுத்துச் சொல்லும் சம்பவமொன்றை இங்கே கூறாமல் போக மனம் வரவில்லை. அப்துல்லாஹ் இப்னு ஜஃபர் (ரழி) அவர்கள் ஒரு பேரீச்சந் தோட்டத்தில் தங்குகிறார்கள். அங்கே வேலை செய்யும் அடிமைக்கு அன்றைய உணவாக மூன்று ரொட்டிகள் வருகின்றன. ஒரு நாய் உள்ளே நுழைகிறது. அவன் ஒரு ரொட்டியை எறிகிறான், தின்றுவிடுகிறது. இரண்டாவதும் போகிறது. மூன்றாவதும் போகிறது. உன் நாட் கூலி எவ்வளவு என்று கேட்கிறார்கள். நீங்கள் கண்டதுதான் என்கிறான். பிறகு ஏன் முழுவதையும் கொடுத்தாய்? இது நாய்கள் வாழும் பகுதியல்ல, பசியோடு வெகுதூரத்திலிருந்து வந்திருக்கிறது, அதைத் திருப்பி அனுப்ப எனக்கு மனமில்லை என்கிறான். அப்படியானால் இன்று நீ? பட்டினி கிடப்பேன் என்கிறான். அப்துல்லாஹ் அவர்கள் அந்தத் தோட்டத்தையும் அடிமையையும் விலைக்கு வாங்கி, அவனை விடுதலை செய்து, தோட்டத்தை அவனுக்கே கொடுத்துவிட்டார்கள். அந்த மூன்று ரொட்டியும் மிச்சமல்ல, எச்சிலுமல்ல என்பதைக் கவனியுங்கள். கை படாத முழு ரொட்டி. நாய் உண்டபின் மிச்சமானது அடிமையின் பசி.

மேல்நாட்டார் நாயின் பங்குக்குப் பெயர் சூட்டியிருந்தனர். பிரான்சியப் பிரபு காஸ்தோன் ஃபேபுஸ் 1387இல் எழுதத் தொடங்கிய வேட்டை நூல் புகழ்பெற்றது. அக்கால வழக்கப்படி மான் விழுந்ததும் அதன் தோலை விரித்து, குடலோடு இரத்தத்தில் நனைத்த ரொட்டியையும் அதன்மேல் பரப்பி நாய்களுக்கு விடுவார்கள். குடலைக் குறித்த பழைய சொல்லும் தோலைக் குறித்த சொல்லும் கலந்து அதற்கு ‘கியூரே’ என்று பெயராயிற்று. அதுவே ஆங்கிலத்தில் ‘குவாரி’ ஆகி, இன்று வேட்டையாடப்படும் பிராணியைக் குறிக்கிறது. கல்லுடைக்கும் குவாரி வேறு சொல். நாயின் பங்குக்கு வைத்த பெயர் மானின் பெயராகிவிட்ட விந்தை இது.

விலைக்கு விற்கும் நாயுணவு பிறந்த கதையோ கப்பலோடு தொடர்புடையது. அமெரிக்காவிலிருந்து இங்கிலாந்துக்கு இடிதாங்கி விற்கப் போன ஜேம்ஸ் ஸ்பிராட் என்பவர், துறைமுகத்தில் மாலுமிகளின் பழைய பிஸ்கட்டை நாய்கள் தின்பதைக் கண்டாராம். 1860களில் கோதுமை மாவும் பீட்ரூட்டும் இறைச்சியும் சேர்த்து ‘நாய்க் கேக்’ செய்து விற்கத் தொடங்கினார். அவருடைய நிறுவனத்தில் வேலை செய்த சார்ல்ஸ் கிரஃப்ட் என்ற இளைஞர்தான் 1891இல் தம் பெயரால் பெரிய நாய்க் கண்காட்சியை இலண்டனில் ஆரம்பித்தார். முதலில் பிஸ்கட், பிறகு அதைத் தின்னத் தகுதியான நாய்! அமெரிக்காவில் 1922இல் குதிரை இறைச்சி தகரத்தில் அடைக்கப்பட்டு வந்தது. அதன் பெயரில் ‘ரேஷன்’ என்ற படைவீரர் சொல் இருந்தது. 1957இல் உலர்ந்த உருண்டைகள் ‘டோக் சௌ’ என்று வந்தன. இப்போது நம் கடைகளில் தொங்கும் பொதியின் பெயரோ ‘பெடிக்ரி’. வம்சாவளி என்று பொருள். உல்லைக் கடற்கரை நாயிடம் அதன் வம்சாவளியைக் கேட்டால் என்ன சொல்லும்?

அந்த நாய்களுக்கு வெகுகாலமாகக் கிடைத்துவரும் பிஸ்கட் வேறொன்று. தேநீர்க் கடை வாசலில் எறியப்படும் மாரி பிஸ்கட். இங்கிலாந்து இளவரசரை ரஷ்ய இளவரசி மரியா 1874இல் மணமுடித்தபோது இலண்டன் கம்பனியொன்று அவர் பெயரில் செய்த பிஸ்கட் அது. பெயரில்லாச் சோறு உண்ணும் பிராணி தேநீர் வேளையில் மட்டும் அரச குடும்பத்துப் பெயரை உண்கிறது.

அறுகம்பேயை நம்மவர் உல்லை என்பர். கடலலையில் சறுக்கி விளையாட வெளிநாட்டார் வரத் தொடங்கியபின் அங்கே நாயின் பங்கும் மாறியது. வைகாசி முதல் ஐப்பசி வரை விடுதிகள் நிறைந்திருக்கும். மேசைக்கு மேசை கோழி எலும்பும் பாண் துண்டும் விழும். விருந்தினர் நாய்க்குப் பெயரும் வைத்துவிடுவார்கள். மாரி மழை தொடங்கியதும் அவர்கள் போய்விடுவார்கள். பெயரை வைத்துக்கொண்டு நாய் நிற்கும். ஆறு மாதம் ஊட்டிய கை அடுத்த ஆறு மாதம் இல்லாததால் குட்டிகள் மெலிந்து சாவதை அங்குள்ளவர் அறிவர். 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை விடுதிகளையும் குடியிருப்புகளையும் அடுப்போடு கொண்டுபோனது. தப்பிய நாய்கள், மனிதர் அடைக்கலம் புகுந்த இடங்களில் பெரிய சட்டிகள் ஏறிய பக்கமாய்ப் போய்க் காத்திருந்தன. 2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புக்குப் பின்னும், 2020 கொரோனா ஊரடங்கிலும் விடுதிகள் வெறிச்சோடின. 2022இல் அரிசி விலை ஏறியபோது வீட்டுச் சட்டியிலேயே மிச்சம் குறைந்துவிட்டது.

இப்போது சில கடைகளில் நாயுணவை மூட்டையிலிருந்து அள்ளிப் பொலித்தீன் பையில் கட்டி நிறுத்துக் கொடுக்கிறார்கள். எந்தக் கம்பனியின் உருண்டையானாலும் மக்கள் கேட்பது "கால் கிலோ பெடிக்ரி" என்றுதான். ஆக, நாயின் உணவுக்கு ஒருவாறு பெயர் கிடைத்துவிட்டது. வாங்கிப் போனவர்கள் அதை நாய்ச்சட்டியில் கொட்டுகிறார்கள். நாய் முகர்ந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினால், அதன்மேல் மீன் ஆணத்தின் மிச்சத்தைக் கொஞ்சம் ஊற்றிக் குழைத்து, சட்டியைக் காலால் தள்ளி, "இந்தா" என்கிறார்கள்.