வின்ச் பூட்டுகிறீர்களா? இரண்டாவது நிறுத்தத்துக்கும் இடம் வையுங்கள்

மணற்காட்டிலிருந்து சுண்டிக்குளம் வரை நீளும் வடமராட்சி கிழக்குக் கரையில், இருபது முப்பது பேர் சேர்ந்து இழுத்த கரைவலைக் கயிற்றை இழுக்க உழவு இயந்திரமும் வந்துவிட்டது. அதன் பின்புறம் பூட்டிய இரும்பு உருளைதான் ஊரில் 'வின்ச்' எனப்படுவது. பிக்கப், ஜீப் வைத்திருப்பவர்கள் முன்புறத்தில் 12 வோல்ற் மின் வின்ச் பூட்டிப் படகைக் கரையேற்றுகிறார்கள். மணலில் புதைந்த வாகனத்தை மீட்கிறார்கள். சிலருக்கு அது வெளிநாட்டு உறவினர் அனுப்பிய பொருள். கையேடு தமிழில் இருப்பதில்லை. பூட்டுவது ஊர்க் கராஜில்.

பூட்டும் இடங்களில் நான் கேட்ட பேச்செல்லாம் எத்தனை தொன் இழுக்கும், எவ்வளவு கயிறு பிடிக்கும் என்பதாகவே இருந்தது. நிறுத்துவது எப்படி என்று கேட்டால், 'சுவிட்சை விட்டால் நிற்கும்', 'கிளச்சை மிதித்தால் நிற்கும்' என்றார்கள். பெரும்பாலும் நிற்கும். ஆனால் எந்த வின்சுக்கும் வழக்கமான நிறுத்தம் கேட்காத ஒரு தருணம் உண்டு. விரலும் கையும் போவது அந்தத் தருணத்தில்தான். ஆகவே, முதலாவது நிறுத்தத்தோடு தொடர்பில்லாத இரண்டாவது நிறுத்தம் ஒன்று, ஆபத்தில் நிற்பவரின் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். இக்கட்டுரை அதை எப்படிச் செய்வது என்பதைப் பற்றியது.

சட்டம் பற்றி ஒரு வார்த்தை

கரைவலைத் தொழில் 1996 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்க கடற்றொழில், நீரியல் வளங்கள் சட்டத்தின் கீழ் அனுமதிப்பத்திரம் பெற்றே செய்ய வேண்டிய தொழில். வலையை இயந்திரத்தால் இழுப்பதற்குத் தடை வந்ததும், அதற்கு எதிராகக் கரைவலைத் தொழிலாளர் போராடியதும் அண்மைய ஆண்டுகளின் செய்திகள். கயிறு இழுக்க ஆள் கிடைப்பதில்லை என்கிறார்கள் சம்மாட்டிமார். தங்கள் பங்கு போகிறது என்கிறார்கள் இழுத்து வாழ்ந்தவர்கள். குஞ்சுமீனும் சேர்ந்து அள்ளுப்படுகிறது என்கிறார்கள் சிறுதொழிலாளர். அந்த வழக்கை நான் இங்கே தீர்க்க வரவில்லை. உங்கள் கரையில் இன்றைய நிலை என்ன என்பதை மாவட்டக் கடற்றொழில் திணைக்களத்தில் எழுத்தில் கேட்டறிந்த பின்னரே வலைக்கு வின்ச் பூட்டுங்கள். படகு ஏற்றுவதும் வாகனம் மீட்பதும் வேறு விடயம்.

உழவு இயந்திர வின்ச்

இது பி.ரி.ஓ. தண்டிலிருந்து இயங்குகிறது. வழமையான பி.ரி.ஓ. வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று, அதாவது விநாடிக்கு 9. தண்டின் விட்டம் 35 மில்லிமீற்றர். ஒரு சுற்றில் 11 சென்ரிமீற்றர் துணி சுற்றப்படும். கணக்குப் பார்த்தால் விநாடிக்கு ஒரு மீற்றர். சாரத்தின் நுனி மாட்டினால், 'ஐயோ' என்று கத்தி முடிப்பதற்குள் முழுச் சாரமும் அதில் சுற்றியிருக்கும். தண்டின் மேல் உறை இல்லாமல் வின்ச் ஓட்டக் கூடாது. கழற்றி எறிந்த உறையைத் தேடி மாட்டுங்கள். இல்லையென்றால் தண்டைத் தொடாதபடி தகரக் கூடு அடித்துப் பூட்டுங்கள்.

உருளை இரண்டு வகை. ஒன்று, கயிறு முழுவதையும் தன்மேல் சுருட்டிக்கொள்வது. மற்றது, கயிறு மூன்று நான்கு சுற்று மட்டும் சுற்றி வெளியேறுவது. வெளிவரும் நுனியை ஒருவர் பிடித்து இழுத்து அடுக்க வேண்டும். இரண்டாவது வகையில் கட்டுப்பாடு அந்த மனிதரின் கையிலேயே இருக்கிறது. அவர் இழுத்துப் பிடித்தால் கயிறு உருளையைப் பற்றும், தளர்த்தினால் வழுக்கும். உராய்வுக் குணகம் 0.25 என்று வைத்துக்கொண்டால், மூன்று சுற்றில் கைப்பலம் சுமார் 110 மடங்காகப் பெருகும். பத்துக் கிலோ இழுவை ஆயிரம் கிலோவுக்கு மேல் தாங்கும். கயிற்றின் ஈரமும் மணலும் இதைக் கூட்டும் குறைக்கும்.

வசதியான ஏற்பாடுதான். ஆனால் ஒரு சுற்று மற்றச் சுற்றின் மேல் ஏறிவிட்டால் கயிறு தன்னைத் தானே பூட்டிக்கொள்ளும். அதன்பின் நுனியை விட்டாலும் வழுக்காது. கையில் கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தால் கை உருளைக்குப் போகும். அந்த நேரம் சாரதி கடலைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். எஞ்சின் சத்தத்தில் கூச்சல் கேட்காமலும் போகலாம்.

கிளச்சிலும் ஒரு சிக்கல் உண்டு. இரட்டைக் கிளச் உள்ள மசி பெர்குசன் போன்ற உழவு இயந்திரங்களில் மிதியைப் பாதி அழுத்தினால் சில்லுக்குப் போகும் ஓட்டம் மட்டுமே அறுபடும். பி.ரி.ஓ. நிற்பதற்கு முழுவதும் அழுத்த வேண்டும். பதற்றத்தில் பாதி மிதித்தவர் நிறுத்திவிட்டதாக நினைப்பார். உருளை சுற்றிக்கொண்டேயிருக்கும்.

ஆகவே இரண்டாவது நிறுத்தத்தை எஞ்சினிலேயே வையுங்கள். பழைய டீசல் எஞ்சின்கள் சாவியைத் திருப்பினால் நிற்பதில்லை. டீசலை அடைக்கும் 'ஸ்டொப்' பிடியை இழுத்தால்தான் நிற்கும். அந்தப் பிடியிலிருந்து ஒரு மெல்லிய கம்பி அல்லது நைலோன் கயிற்றை வளையங்களுக்கூடாகப் பின்னால் கொண்டுவந்து, நுனி பிடிப்பவரின் இடுப்பு உயரத்தில் சிவப்பு நிறக் கைபிடியோடு விடுங்கள். எந்தத் திசையிலிருந்து இழுத்தாலும் வேலை செய்ய வேண்டும். சுழலும் பாகம் எதிலும் அது படக் கூடாது.

எஞ்சின் நின்றதும் அவசரப்பட்டு பி.ரி.ஓ. லீவரை விடுவிக்காதீர்கள். கடலில் இருக்கும் பாரம் கயிற்றைத் திருப்பி இழுக்கும்; உருளை பின்னோக்கிச் சுற்றும். முதலில் நாலைந்து பேர் பாரப் பக்கக் கயிற்றைப் பிடித்துத் தாங்கட்டும். பிறகு மெல்ல விடுவித்துக் கையை எடுக்கலாம்.

மின் வின்ச்: வயர் இணைப்பது

முதலில் ஓர் எச்சரிக்கை. 9,500 இறாத்தல், அதாவது சுமார் 4,300 கிலோ இழுவை என்று எழுதிய 12 வோல்ற் வின்ச், முழுப் பாரத்தில் 400 அம்பியர் அளவில் மின்னை உறிஞ்சும். வாகனத்தின் ஓல்ரநேற்றர் பொதுவாகத் தருவது அதில் ஒரு சிறு பங்கே. மிச்சம் முழுவதும் பற்றரியிலிருந்து போகிறது. எனவே நெடுநேரம் இழுபடும் கரைவலைக்கு மின் வின்ச் பொருந்தாது. படகை மேடேற்றவும் புதைந்த வாகனத்தை எடுக்கவுமே அது உகந்தது. அதிலும் ஒரு நிமிடம் இழுத்தால் மோட்டரைத் தொட்டுப் பார்த்து ஆறவிட வேண்டும். எழுதியிருக்கும் இழுவை உருளையின் முதல் அடுக்குக் கயிற்றுக்கு உரியது. மேல் அடுக்குகளில் அது குறைந்துகொண்டே போகும்.

இணைப்பு இரண்டு பகுதி. ஒன்று தடித்த வயர், மற்றது மெல்லிய வயர்.

தடித்த வயர் பற்றரியின் நேர்முனையிலிருந்து தனிமைப்படுத்தும் சுவிட்சுக்கு வந்து, அங்கிருந்து சொலினொயிட் பெட்டிக்குப் போகும். பெட்டியிலிருந்து மூன்று வயர்கள் மோட்டருக்குப் போகும். எதிர்முனை வயரை வாகனத்தின் சட்டத்தில் பூட்டி முடிக்காமல், மோட்டரின் உடலிலிருந்து நேரே பற்றரிக்குக் கொண்டுவாருங்கள். உப்புக் காற்றில் சட்டத்து இணைப்பு சீக்கிரம் துருவேறும்.

வயரின் தடிப்பில் மிச்சம் பிடிக்க வேண்டாம். 35 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரில், போய்வரும் மொத்த நீளம் 10 மீற்றர் என்றால், 400 அம்பியரில் சுமார் 2 வோல்ற் வழியிலேயே இழக்கப்படும். பன்னிரண்டில் ஆறிலொரு பங்கு. பற்றரி முன்னாலும் வின்ச் பின்னாலும் இருந்தால் 70 சதுர மில்லிமீற்றர் போடுங்கள், இழப்பு பாதியாகும். இந்த வயரில் பெரும்பாலும் பியூஸ் இருப்பதில்லை. எனவே அது இரும்பு விளிம்பில் தேய்ந்தால் தீதான். முழு நீளத்துக்கும் றப்பர்க் குழாய் மாட்டி, துளைகளில் றப்பர் வளையம் வையுங்கள்.

மெல்லிய வயர் கட்டுப்பாட்டுக்கு. 2.5 சதுர மில்லிமீற்றர் போதும். சாவி திறந்தால் மட்டும் மின் வரும் இடத்திலிருந்து 10 அம்பியர் பியூஸ் வழியாக எடுங்கள். சுவிட்ச், விரலை எடுத்ததும் தானே நடுவுக்குத் திரும்பும் வகையாக இருக்க வேண்டும். அழுத்தினால் அப்படியே நிற்கும் சாதாரண லைற் சுவிட்ச் போடவே கூடாது. பூட்டியபின் கயிற்றில் பாரம் இல்லாமல் ஓட்டிப் பார்த்து, எந்தப் பக்கம் 'உள்ளே', எது 'வெளியே' என்று தமிழில் எழுதி ஒட்டுங்கள். சொலினொயிட் பெட்டியை அலைநீர் தெறிக்காத உயரத்தில், மூடி மேலாக இருக்கப் பூட்டி, முனைகளில் வசிலின் அல்லது கிறீஸ் பூசுங்கள்.

இங்கே வழக்கமான நிறுத்தம் எப்போது கேட்காது? சொலினொயிட்டுக்குள் செப்புத் தொடுமுனைகள் இரண்டு அடித்து மூடுகின்றன. பற்றரி பலவீனமாக இருந்தால் அவை இறுகப் பற்றாமல் பொறி பறந்து ஒட்டிப் பிடித்துவிடும். அதன்பின் சுவிட்சை விட்டாலும் ரிமோட்டைக் கழற்றினாலும் உருளை சுற்றும். நிறுத்தக்கூடியது தடித்த வயரில் இருக்கும் தனிமைப்படுத்தும் சுவிட்ச் மட்டுமே. அதனால்தான் அதைப் பொனற்றுக்குள் ஒளிக்கக் கூடாது. வெளியே நிற்பவர் ஒரே திருப்பில் மூடக்கூடிய இடத்தில், ஆனால் கயிற்றின் பாதைக்கு விலகி இருக்கட்டும். வேலை முடிந்ததும் அதை மூடிவிடுங்கள். சட்டைப்பைக்குள் ரிமோட் தவறுதலாக அழுத்துப்பட்டாலும் ஒன்றும் ஆகாது.

பூட்டும் இடமும் கட்டும் இடமும்

வின்சைத் தகட்டில் அல்ல, வாகனத்தின் சட்டத்தில் பூட்டுங்கள். உழவு இயந்திரத்தில் கயிறு இழுபடும் இடம் தாழ்வாக இருக்க வேண்டும். அது உயர உயர, பாரம் ஏறும்போது முன்சில்லு நிலத்தை விட்டு எழும்பும். உருளையில் எப்போதும் கம்பிக் கயிறாயின் 5 சுற்றும், நைலோன் வகையாயின் 8 முதல் 10 சுற்றும் மிஞ்சியிருக்க வேண்டும். இழுவையின்போது கயிற்றின் மேலோ அதன் நேர்கோட்டிலோ யாரும் நிற்கக் கூடாது.

மணலில் மரம் இல்லாத இடத்தில் உதிரி ரயரைப் புதைத்து அதில் கயிற்றைக் கட்டுவார்கள். இந்தக் குடாநாட்டில் அதற்கு முன் ஒரு கேள்வி இருக்கிறது: அந்த மண் யாருடைய முன்னரங்காக இருந்தது? நாகர்கோவில், முகமாலைப் பக்கங்கள் ஆண்டுக்கணக்காகப் போர் அரணாக இருந்தவை. கண்ணிவெடி அகற்றி மக்களிடம் கையளிக்கப்பட்ட இடம் என்று உறுதியாகத் தெரியாவிட்டால் தோண்டாதீர்கள். மண்வெட்டியில் இரும்பு தட்டுப்பட்டால் தொடாமல், வந்த வழியே விலகி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ சொல்லுங்கள்.

காலும் கையும் இழந்தவர்களுக்கு

போரில் அவயவம் இழந்தும் சாரதியாகவும் கடற்றொழிலாளராகவும் உழைப்பவர்கள் நம்மிடையே பலர். யாழ்ப்பாணத்தில் 1987 முதல் இயங்கும் ஜெய்ப்பூர் நிலையத்தின் செயற்கைக் காலோடு உழவு இயந்திரம் ஓட்டுபவர்களும் உண்டு. கிளச் இடது காலுக்குரியது. செயற்கைப் பாதத்துக்கு, மிதி பாதியில் நிற்கிறதா முழுவதும் போய்விட்டதா என்ற உணர்வு இல்லை. இடது கால் இழந்தவர் ஓட்டும் இயந்திரத்தில், மேலே சொன்ன 'ஸ்டொப்' பிடியை அவர் கைக்கும் எட்ட வைப்பது கட்டாயம். மிதி முழுவதும் போனதைப் பார்த்தறிய, அதன் தண்டில் வெள்ளைக் கோடு ஒன்று போடலாம்.

ஒரு கை இழந்தவர் கயிற்று நுனியைப் பிடிக்க வேண்டாம். ஆனால் இரண்டாவது நிறுத்தத்தின் பக்கத்தில் நின்று, கயிற்றையும் ஆட்களையும் மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் வேலைக்கு ஒரு கை போதும். வேறு எதையும் செய்யாமல் பார்த்து நிற்பவருக்கு ஏன் பங்கு என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர் நிற்பதால்தான் மற்றவர்களின் கை மிஞ்சுகிறது. அதற்கு முழுப் பங்கு கொடுக்க வேண்டும்.

ஒவ்வொரு நாளும் தொடங்குமுன்

பாரம் இல்லாமல் உருளையைச் சுற்றவிட்டு, இரண்டாவது நிறுத்தத்தால் மட்டும் நிறுத்திப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் அன்று வேலை இல்லை. பி.ரி.ஓ. தண்டின் உறை, பற்றரி முனைகளின் இறுக்கம், கயிற்றில் பிய்ந்த இழை ஆகியவற்றைக் கண்ணால் பாருங்கள். சாரத்தை மடித்து இறுகக் கட்டுங்கள். துவாயைத் தோளிலிருந்து எடுத்துவிடுங்கள். 'நிறுத்து' என்பதற்குச் சத்தம் அல்ல, இரு கையையும் உயர்த்தும் சைகையைப் பழக்குங்கள். ஒரு கை உள்ளவர் அதை ஒரு கையால் காட்டட்டும். அதை யார் காட்டினாலும், சின்னப் பொடியன் காட்டினாலும், நிறுத்திவிட்டுத்தான் ஏன் என்று கேட்க வேண்டும்.