கடன் வாங்கலாம், மறைக்கலாகாது

தென்காசி மாவட்டத்துச் சுரண்டையில் காமராசர் அரசு கலைக் கல்லூரி இருக்கிறது. அங்குப் பயில்வோருக்குப் பட்டம் வழங்குவது 1990ஆம் ஆண்டு திருநெல்வேலியில் தோன்றிய மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம். கட்டுரை எழுதும் மாணவர் அறிய வேண்டிய பாடமொன்று அப்பெயரிலேயே அடங்கியுள்ளது.

பேராசிரியர் சுந்தரம் பிள்ளை ‘மனோன்மணியம்’ நாடகத்தை 1891இல் வெளியிட்டார். அதன் கதைக் கரு அவர் புனைந்ததன்று. ஆங்கில எழுத்தாளர் லிட்டன் பிரபுவின் ‘இரகசிய வழி’ என்னும் கதையைத் தழுவியது. அவர் அதை ஒளிக்கவில்லை; முன்னுரையிலேயே கூறிவிட்டார். கதையைப் பாண்டிய நாட்டுக்குக் கொண்டுவந்து, தத்துவக் கருத்துகளைச் சேர்த்துப் புதிய நூலாக்கினார். கடனை ஒப்புக்கொண்டதால் அவர் புகழ் குறைந்ததா? இல்லை. 1970இல் தமிழக அரசு அந்நாடகத்தின் வாழ்த்துப் பகுதியிலிருந்தே தமிழ்த்தாய் வாழ்த்தை எடுத்துக்கொண்டது.

இது நமக்குப் பழகிய நெறியே. தொல்காப்பியம் நூல்களை முதல்நூல், வழிநூல் என இருவகையாகப் பிரிக்கிறது. முன்னோர் நூலைத் தொகுத்தலும், விரித்தலும், மொழிபெயர்த்தலும் வழிநூலுக்கு உரியவை. ஆனால், நூலின் பாயிரம் தெரிவிக்க வேண்டியவற்றுள் ஆக்கியோன் பெயரோடு, நூல் வந்த வழியையும் நன்னூல் சேர்த்துள்ளது. எடுத்தாள்வது குற்றமன்று; எங்கிருந்து எடுத்தோம் என்பதை மறைப்பதே குற்றம்.

மறைத்தால் என்ன நேரும்? 2002இல் குமாவுன் பல்கலைக்கழகத் துணைவேந்தர் பெயரில் வந்த இயற்பியல் கட்டுரை, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக அறிஞர் ரெனாட்டா கல்லோஷ் 1996இல் வெளியிட்டதன் நகல் எனப் புகார் எழுந்தது. வெளிநாட்டு அறிஞர்கள் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமுக்கே கடிதம் எழுதினர். விசாரணை நடந்தது, 2003இல் துணைவேந்தர் பதவி விலகினார்.

பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் இதற்கென விதிகளை வகுத்தது. ஆய்வேட்டில் பிறர் எழுத்தோடு ஒத்திருக்கும் பகுதி 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 40 வரை சென்றால் திருத்தி மீண்டும் அளிக்க வேண்டும். 60 வரை சென்றால் ஓராண்டுக்கு ஏட்டை அளிக்க இயலாது. அதற்கும் மேற்பட்டால் ஆய்வுப் பதிவே நீக்கப்படும். உரிய முறையில் ஆசிரியர் பெயர் சுட்டி மேற்கோளாகக் காட்டிய பகுதி இக்கணக்கில் சேராது.

விழுக்காட்டைக் கணிப்பொறி கணக்கிட்டுவிடும். ஆனால், நகல் எடுத்தவன் இழப்பது மதிப்பெண்ணை மட்டுமன்று. தானே சிந்தித்து எழுதும் பயிற்சியையும் இழக்கிறான். சுந்தரனார் பெயர் பொறித்த பட்டத்தைப் பெறும் மாணவர், அவர் முன்னுரையில் காட்டிய நேர்மையையும் சேர்த்துப் பெறுவதே முறை.