சுற்றமும் சட்டகமும்

திருமண வீட்டாரிடம் புரோகிதரும் ஒளிப்படக் கலைஞரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கின்றனர்: மணமக்கள் எத்திசை நோக்கி அமர்வர்? முன்னவருக்குக் கிழக்கு வேண்டும். பின்னவருக்கு வெளிச்சம் வேண்டும். இவ்விரு தேவைகளுக்கு இடையே, உறவினர் எங்கே அமர்வது என்பது அண்மைக்காலத்தில் பெரிதும் மாறியிருக்கிறது.

அகநானூற்றின் 86ஆம் பாடல் காட்டும் மணத்தில் மேடை இல்லை. பந்தலின்கீழ் மணல் பரப்பி, விளக்கேற்றி, விடியற்பொழுதில் மக்களைப் பெற்ற மகளிர் நால்வர் மணமகளை நீராட்டுகின்றனர். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் தீவலம் வருகின்றனர். வலம்வர நாற்புறமும் இடம் வேண்டும். உறவினரைக் குறிக்கும் 'சுற்றம்' என்னும் சொல்லே 'சுற்று' என்பதன் அடியாகப் பிறந்தது. உறவினர் எதிரே அமர்வோர் அல்லர், சூழ்ந்து நிற்போர் என்பதை அச்சொல் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறது.

அவையை நேர்நோக்கும் மணமேடைக்கு ஒளிப்படக் கருவி மட்டுமே காரணமன்று. 1928இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் பெரியார் தலைமையில் நடந்த சுயமரியாதைத் திருமணம் புரோகிதரை விலக்கியது. 1967ஆம் ஆண்டின் தமிழகத் திருத்தச் சட்டம், உறவினர், நண்பர் முன்னிலையில் இருவரும் ஒருவரையொருவர் ஏற்பதாக அறிவிப்பதையோ, மாலையோ மோதிரமோ அணிவிப்பதையோ, தாலி கட்டுவதையோ செல்லுபடியாகும் திருமணமாக ஏற்றது. இங்கே எதிரே அமர்ந்திருப்போர் வெறும் பார்வையாளர் அல்லர், சாட்சிகள்.

அத்திருத்தம் மகாராட்டிரத்துக்குப் பொருந்தாது. தாராவியிலோ கல்யாணிலோ புரோகிதரின்றி மணம்புரியும் தமிழர், 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டப்படி மூன்று சாட்சிகளுடன் கையொப்பமிட்டு மணம்புரியலாம். அருகிலுள்ள மராத்தியர் வீட்டுத் திருமணத்திலோ மணமக்கள் ஒருவரையொருவர் நோக்கி நிற்க, நடுவே 'அந்தர்பாட்' என்னும் திரை பிடிக்கப்படுகிறது. சூழ நிற்போர் அட்சதை தூவுகின்றனர். அக்காட்சி பக்கவாட்டிலிருந்தே முழுமையாகப் புலப்படும். கருவிக்காக எவரும் இடம்பெயர வேண்டியதில்லை.

தமிழர் மேடையில் நிலைமை வேறு. தாலி கட்டும் கணத்தில் கருவிகள் முன்னே நிற்க, முதல் வரிசைக்குத் தெரிவது முதுகுகளே. கைம்பெண்ணாகிய தாய் தூணருகே ஒதுங்கி நிற்கும் வீடுகளில் ஒளிப்படச் சட்டகம் அவ்விலக்கைத் தலைமுறைகளுக்கும் நிலைநிறுத்திவிடுகிறது. கருவியைப் பக்கவாட்டில் நிறுத்தி, அத்தாயை மணமக்களுக்கு அருகில் அமர்த்துவதற்குக் கூடுதல் செலவு ஏதுமில்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து அப்படத்தைப் பார்ப்போர் தேடப்போவது மேடையின் பூ அலங்காரத்தை அன்று, அதில் இருப்போரையும் இல்லாதோரையுமே.