சீக்கிரம் வந்த தரை

"தரை சீக்கிரமா வந்துருச்சுடா." மணிக்கட்டில் மாவுக்கட்டோடு மருத்துவமனையிலிருந்து திரும்பும் வழியில் அம்மா சொன்ன விளக்கம் இவ்வளவுதான். மதுரையிலிருந்து மூன்று மாதம் தங்கிப்போக லண்டனுக்கு வந்திருந்தார். வீட்டு மாடிப்படியில் தினமும் ஏழெட்டு முறை ஏறி இறங்கிப் பழகியவர். அன்று காலை மடித்த துணிகளைக் கையில் ஏந்தி இறங்கும்போது கடைசிப் படியில் தடுமாறி விழுந்தார். வழுக்கவில்லை, புடவையும் தடுக்கவில்லை என்று உறுதியாகச் சொன்னார். காலை வைக்கப்போன இடத்துக்கு முன்பே தரை வந்து நின்றதாம்.

அந்தத் தரை நான் போட்டது. அம்மா வருவதற்கு நடுவே ஒரு வார இறுதியில், பழைய மரத்தரையின் மேலேயே 12 மி.மீ. பலகையும் அதற்கடியில் 6 மி.மீ. மெத்தைத் தாளும் விரித்து, முன்வாசல் நடையைப் புதுசாக்கியிருந்தேன். வேலை சுத்தமாக வந்ததில் பெருமைகூட இருந்தது. அளந்து பார்த்தபோது மற்றப் படிகளெல்லாம் 190 மி.மீ. உயரம், அடிப்படி மட்டும் 172. நான் செய்வது கணினித் துறை ஆலோசனை. அடுத்தவர் எழுதிய நிரலில் ஓர் எண் பிசகியிருந்தால் கண்டுபிடிக்கக் காசு வாங்குகிறவன். என் வீட்டில் பதினெட்டு மில்லிமீட்டரைக் கோட்டைவிட்டேன்.

மறுநாளே அந்தப் பலகைகளைப் பிடுங்கிப் போட்டேன். மாடிப்படி என்ற பொருளைப் பற்றிப் படிக்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.

படியேறும்போது நாம் படியைப் பார்ப்பதில்லை. முதல் இரண்டு படிகளில் கால் ஓர் அளவை எடுத்துக்கொள்கிறது, மீதிப் படிகளை அந்த அளவை நம்பியே ஏறுகிறது. நியூயார்க்கின் புரூக்ளினில் 36ஆவது தெரு சுரங்க ரயில் நிலையத்தில் ஒரு படி மற்றவற்றைவிட ஓர் அங்குலத்தின் சிறு பங்கு உயரமாக இருந்தது. அங்கே ஒருவர் பின் ஒருவராக மக்கள் தடுக்கி விழப்போவதை ஒரு திரைப்படக்காரர் 2012இல் படம்பிடித்து வெளியிட்டார். குழந்தையைத் தூக்கி வந்தவரும் தடுக்கினார், பையோடு ஓடிவந்தவரும் தடுக்கினார். ரயில் நிர்வாகம் படியை மூடிச் சரிசெய்தது. அமெரிக்க வீடுகளுக்கான மாதிரிக் கட்டட விதியில் ஒரே வரிசைப் படிகளுக்குள் உயர வித்தியாசம் 3/8 அங்குலத்தை, அதாவது ஏறத்தாழ 9.5 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. நான் அதன் இரு மடங்கில் இருந்தேன்.

படிக்குக் கணக்கு எழுதியவர்களில் பெயர்பெற்றவர் பிரான்சுவா ப்ளோந்தெல். 1671இல் பாரிசில் தொடங்கப்பட்ட அரச கட்டடக்கலைக் கழகத்தின் இயக்குநர், கணிதக்காரர். அவருடைய விரிவுரைகள் 1675 முதல் 1683 வரை நூலாக வந்தன. அவர் சொன்னதன் சாரம்: சமதரையில் மனிதன் வைக்கும் ஓர் எட்டு 24 புஸ், அதாவது பிரெஞ்சு அங்குலம். நேர் ஏணியில் ஏறும்போது அதே எட்டு 12 புஸ்தான். ஆகவே உயரத்தில் கூடும் ஒவ்வொரு அங்குலமும் நடையில் இரண்டு அங்குலத்தைத் தின்றுவிடுகிறது. படியின் உயரத்தை இரண்டால் பெருக்கி, கால் வைக்கும் அகலத்தைக் கூட்டினால் 24 வரவேண்டும். இன்றைய கணக்கில் அது 650 மி.மீ. இங்கிலாந்தின் கட்டட விதி அதே கூட்டுத்தொகையை இன்றும் 550க்கும் 700க்கும் இடையில் வைக்கச் சொல்கிறது. பதினான்காம் லூயியின் பிரான்சில் எண்ணிய எட்டு இன்று லண்டன் புறநகர் மாடியறை வரை செல்லுபடியாகிறது.

ஆனால் கணக்கு தெரிந்தால் மட்டும் படி வந்துவிடாது. அதை மரத்தில் இறக்கத் தெரிய வேண்டும். இங்கேதான் எனக்குப் பிடித்த மனிதர் வருகிறார். பீட்டர் நிக்கல்சன், ஸ்காட்லாந்தில் 1765இல் ஒரு கல்தச்சரின் மகனாகப் பிறந்தவர். அப்பாவின் கல் வேலை பிடிக்காமல் மரவேலை பழகினார். லண்டனுக்கு வந்து சோஹோவில் தொழிலாளர்களுக்கு மாலைப் பள்ளி நடத்தினார். 1792இல் தச்சர்களுக்கான வழிகாட்டி நூலை வெளியிட்டார். 1820இல் மாடிப்படிக்கும் கைப்பிடிக்கும் மட்டுமே தனி நூல். பட்டறையில் மூத்தவர் இளையவருக்குக் காதோடு சொல்லிவந்த வடிவியலை அச்சில் போட்டவர்களில் அவர் முன்னணியில் நிற்கிறார். பகல் முழுக்க ரம்பம் பிடித்துவிட்டு மாலையில் வந்து உட்கார்ந்து கோணம் பிரித்த அந்த மாணவர்களை நினைத்துக்கொள்வேன். நானும் இந்த நாட்டில் முதுகலைப் படிப்பைப் பகுதிநேர வேலையோடு முடித்தவன் என்பதாலோ என்னவோ.

லண்டனின் விக்டோரியா காலத்து வரிசை வீடுகளின் படிகள் பெரும்பாலும் ஒரே அமைப்பில் ஆனவை. இரண்டு பக்கமும் சாய்வாக ஓடும் கனத்த பக்கப்பலகைகள். இடையில் கால் வைக்கும் மிதிபலகை, அதன் முன்னே நெட்டாக நிற்கும் ரைசர் பலகை. இவற்றின் முனைகள் பக்கப்பலகையில் வெட்டிய காடிகளுக்குள் போய் உட்காரும். அந்தக் காடியின் வாய் பின்புறம் நோக்கி விரிந்திருக்கும். பலகையைச் செருகிவிட்டு, அடியிலிருந்து பசை தடவிய ஆப்பை அடித்தால், ஆப்பு பலகையை மேல்நோக்கியும் முன்நோக்கியும் நெருக்கிப் பிடிக்கும். நாம் பார்க்கும் பக்கத்தில் இடைவெளி தெரியாது, ஆணியும் தெரியாது. படிக்கடியில் இருக்கும் அலமாரிக்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் நூறாண்டுக்கு முந்தைய ஆப்புகள் வரிசையாகத் தெரியும். என் வீட்டில் தெரிகிறது. ஆப்பு உலர்ந்து சுருங்கிய படிதான் நள்ளிரவில் கிரீச்சிடும் படி.

பதின்மூன்று ஏற்றமுள்ள ஒரு படிக்கட்டுக்கு ஒரு பக்கப்பலகையில் ரைசர் காடி பதின்மூன்று, மிதிபலகைக் காடி பன்னிரண்டு. இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஐம்பது காடிகள். கையால் செய்த காலத்தில் காடியின் ஒரு முனையைத் தமரால் துளைத்து, ஓரங்களை ரம்பத்தால் அறுத்து, நடுவைக் கொட்டாப்புளியும் உளியும் கொண்டு எடுத்து, கடைசியில் அடி மட்டமாக வர ஒரு சின்ன இழைப்புளியால் சுரண்டுவார்கள். ஒற்றை அலகு நீட்டிக்கொண்டிருக்கும் அந்தக் கருவிக்கு ஆங்கிலேயத் தச்சர்கள் 'கிழவியின் பல்' என்று பெயர் வைத்திருந்தார்கள். ரவுட்டர் என்ற பெயர் முதலில் இதற்குத்தான். அமெரிக்காவின் ஸ்டான்லி நிறுவனம் இதை இரும்பில் வார்த்து 1884இல் காப்புரிமை பெற்றது.

மின்சாரம் வந்த கதை கொஞ்சம் வேடிக்கையானது. முதல் உலகப் போர்க் காலத்தில் நியூயார்க் மாநிலத்து சிராக்கியூஸ் நகரில் ஆர். எல். கார்ட்டர் என்பவர், முடிவெட்டும் மின்கருவி ஒன்றின் பாகத்தை வெட்டலகாக மாற்றி மோட்டாரில் பொருத்தி மரத்தைக் குடைந்து பார்த்தார். அது நன்றாகக் குடைந்தது. கைக்கு அடக்கமான மின் ரவுட்டர் அங்கிருந்து பரவியது. 1929இல் ஸ்டான்லி அந்தத் தொழிலை வாங்கிக்கொண்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜெர்மனியின் எலு நிறுவனம், சுழலும் அலகை மரத்துக்குள் மேலிருந்து அமுக்கி இறக்கும் வகையைக் கொண்டுவந்தது. பலகையின் நடுவில் தொடங்கும் படிக்காடிக்கு இந்த வகை கச்சிதமாகப் பொருந்தியது.

போன ஆண்டு மகளுக்காகக் கூரைக்கடியில் ஓர் அறை கட்டினோம். அதற்கு மரப்படி செய்ய ஒருவரைத் தேடினோம். வந்தவர் அறுபதைத் தாண்டிய ஆங்கிலேயர், இளமையில் ஒரு படிப் பட்டறையில் வேலை பழகியவர். சனிக்கிழமைகளில் கூடமாட நான் நிற்கலாமா என்று கேட்டேன். "டீ போடத் தெரியுமா?" என்றார்.

முதல் நாள் அவர் ரவுட்டரை வெளியே எடுக்கவே இல்லை. ஒரு நீண்ட மரச்சட்டத்தைக் கீழ்த்தரையில் ஊன்றி, மேல்தளத்தின் மட்டத்தை அதில் பென்சிலால் குறித்தார். பிறகு கவராயத்தை விரித்து, அந்த நீளத்தைத் தத்தித் தத்தி நடக்கவிட்டார். கொஞ்சம் மிஞ்சியது. கவராயத்தை மயிரிழை சுருக்கி மறுபடி நடக்கவிட்டார். பதின்மூன்றாவது எட்டு கோட்டில் போய் நிற்கும்வரை விடவில்லை. நாடாவில் 2,600 மி.மீ. என்று வருகிறதே, பதின்மூன்றால் வகுத்தால் 200, ஒவ்வொன்றாக அளந்து குறிக்கலாமே என்றேன். ஒவ்வொரு முறை அளக்கும்போதும் ஒரு மில்லிமீட்டர் தவறினால் மேலே போய்ச் சேரும்போது எவ்வளவு என்று கேட்டார். பதில் சொல்லவில்லை. நம் ஊர்த் தச்சர்களின் முழக்கோல் நினைவுக்கு வந்தது.

அந்தச் சட்டத்தை ஊன்றும் முன் அவர் கேட்ட கேள்வி ஒன்று: "மேலே என்ன தரை போடப்போகிறீர்கள்? எத்தனை மில்லிமீட்டர்? கீழே?" படி அளப்பது முடிந்த தரையிலிருந்து முடிந்த தரைக்கு. இனிப் போடப்போகும் பலகையின் கனத்தையும் இப்போதே சேர்த்துக்கொள்ள வேண்டும். அம்மா விழுந்த கதையைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. பட்டறையில் அவர் பழகிய முதல் பாடம் அதுதானாம்.

அடுத்து ஒரு முக்கோணம் வெட்டினார். ஒரு பக்கம் 200, இன்னொரு பக்கம் 225. சாய்வு ஏறத்தாழ 41.6 பாகை. வீட்டுப் படிக்கு இங்கே 42 பாகைதான் உச்சம், உயரம் 220ஐத் தாண்டக்கூடாது, அகலம் 220க்குக் குறையக்கூடாது. (இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் பொதுவான கட்டட விதிகள் 1965இல்தான் வந்தன. அதற்கு முன் ஊருக்கு ஊர் வேறு. பழைய லண்டன் வீடுகளின் படிகளில் ஏறி மூச்சுவாங்கியவர்களுக்கு இது புரியும்.) இந்த முக்கோணத்தைப் பக்கப்பலகையின் ஓரத்தில் வைத்து, நகர்த்தி நகர்த்திக் கோடிழுத்தால் படிகளின் உருவம் பலகையில் வந்துவிடும். கையால் செய்தவர்களும் இதே முக்கோணத்தைத்தான் வைத்திருந்தார்கள்.

அதன் பிறகு ஜிக் வெளியே வந்தது. கெட்டியான தகடு ஒன்று. மிதிபலகைக்கும் ரைசருக்கும் ஆப்புக்கும் சேர்த்து ஒரே துவாரமாக வெட்டியிருக்கிறது, முன்மூக்கின் வளைவு உட்பட. ரவுட்டரின் அடியில் உள்ள வளையம் துவாரத்தின் ஓரத்தை ஒட்டி ஓடும். நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கு மேல் சுழலும் அலகு 12 மி.மீ. ஆழத்துக்குக் காடியை எடுக்கும். ஒரு படி முடிந்ததும் ஜிக்கை அடுத்த கோட்டுக்கு நகர்த்துவது. காது பிய்ந்துவிடும் சத்தம், மூக்கெல்லாம் தூசி. ஆனால் ஐம்பது காடிகளும் ஒன்றைப் போல ஒன்று. முந்தைய நாள் பார்த்த முக்கோணத்தையும், இருநூறு ஆண்டாகப் பட்டறைகள் சரிபார்த்துவந்த ஆப்பின் சரிவையும் அந்தத் துவாரத்தில் பார்த்தேன். உளி பிடித்த கைகளின் உழைப்பை ரவுட்டர் எடுத்துக்கொண்டது. என்ன வெட்டவேண்டும் என்பது அதற்குத் தெரியாது.

எனக்கும் தெரியவில்லை. இரண்டாவது பலகையை என்னிடம் விட்டு அவர் டீ குடிக்கப் போனார். இடப் பலகையும் வலப் பலகையும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம், ஜிக்கைப் புரட்டிப் போடவேண்டும். நான் புரட்டவில்லை. அவர் திரும்பி வரும்போது மூன்று காடிகளை மில்லிமீட்டர் சுத்தமாக வெட்டி வைத்திருந்தேன், இரண்டு இடப் பலகைகள். பலகையை உற்றுப் பார்த்துவிட்டு, "அழகாக வெட்டியிருக்கிறாய்" என்றார். புதுப் பலகை என் செலவு. அதன் பிறகு வெட்டும் முன் இரண்டு பலகைகளையும் திறந்த புத்தகம்போல் அருகருகே கிடத்தி, நல்ல முகத்தில் பென்சிலால் குறிபோட வைத்தார்.

இழப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். வளைந்து ஏறும் கைப்பிடியை மரத்தில் கடைந்தெடுக்கும் கலை, நிக்கல்சன் தனி நூல் எழுதிய அந்தக் கலை, இன்று மிகச் சிலருடைய கையில்தான் இருக்கிறது. நேர் படிகளை இப்போது தொழிற்சாலைகளில் கணினி வெட்டுகிறது. தள உயரத்தையும் அகலத்தையும் தட்டச்சு செய்தால் போதும், சாயங்காலத்துக்குள் பக்கப்பலகை தயார். அந்த மென்பொருள் என் தொழிலுக்குப் பக்கத்து வீடு, குறை சொல்ல எனக்கு வாயில்லை. முடிந்த தரையின் கனத்தை அதுவும் கேட்கத்தான் செய்கிறது. அந்தக் கட்டத்தில் பூச்சியம் என்று போட்டுவிட்டுப் போகிறவர்கள் இருப்பார்கள்.

படியைப் பொருத்திய அன்று அடியில் படுத்துக்கொண்டு கடைசி ஆப்புகளை நான் அடித்தேன். முதலில் மந்தமாக இருக்கும் சத்தம், ஆப்பு இறுக இறுகக் கெட்டியாகும். அந்த இடத்தில் நிறுத்த வேண்டும், மேலும் ஓர் அடி அடித்தால் பலகை பிளந்துவிடும். எங்கே நிறுத்துவது என்பதை ஜிக் சொல்லித் தராது. இரண்டு ஆப்புகளை அவர் பிடுங்கி மறுபடி அடிக்க வைத்தார்.

அம்மா சித்திரைக்கு மறுபடி வருகிறார். தொலைபேசியில் புதுப் படியைக் காட்டினேன். மேலிருந்து கீழ்வரை மெதுவாக நகர்த்தச் சொன்னார்.

"எத்தனை படிடா?"

"பதின்மூணும்மா."

இங்குள்ளவர்களுக்கு ஆகாத எண் என்று சொல்ல வாயெடுத்தேன்.

"ஒத்தப்படைதானே, சரி" என்றார். "கீழ தரையில ஒண்ணும் புதுசா போட்டுறலையே?"